கடல் எந்தப் பக்கம்?

படம் எதுவாக இருந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். கடல் எந்தப் பக்கம்?

படத்தில் கடல் இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. என் மகள் பெரியவளானதற்குச் செய்த சாமத்தியவீட்டின் அல்பத்தை ஒருநாள் மரியாதைக்காக அவர் கையில் கொடுத்தேன். மனிதர் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார். சேலையும் நகையுமாக நின்ற பிள்ளையின் முகத்தைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டு, அவளுக்குப் பின்னால் இருந்த மண்டபத்து யன்னலைப் பார்த்தார்.

"இது மேற்கு யன்னல், பிள்ளை. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு எடுத்திருக்கினம்."

"ஓம் அண்ணை. பிள்ளை எப்பிடி இருக்கிறாள் எண்டு சொல்லுங்கோவன்."

"வடிவு" என்றார், விரலை எடுக்காமலே.

"அம்மா, ஹீ இஸ் சோ வியர்ட்" என்று மகள் என் காதுக்குள் சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நான் அவளைக் கண்டிக்கவில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

நாங்கள் அவரை சர்வேயர் அண்ணை என்போம். ஊரில் அரசாங்க நில அளவையாளராக இருந்தவர். முல்லைத்தீவுக் கரையோரத்தைச் சங்கிலி பிடித்து அடி அடியாக அளந்தவர். கடைசி யுத்தத்தில் அதே கரையில் மாட்டுப்பட்டு, தப்பி, பிறகு வள்ளமேறி இங்கே வந்தவர். தற்காலிக விசாவில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கினார். சிட்னியில், கிரவீன் பக்கம், இன்னும் மூன்று ஆண்களோடு ஒரு வாடகை வீட்டில் இருந்தார். அதே வீடு என்று நினைக்கவேண்டாம். வருடத்துக்கு ஒரு வீடு மாறுவார். ஒன்றில் வாசல் பிழை, ஒன்றில் படுக்கிற அறைக்குக் காலை வெயில் வராது, ஒன்றில் காரணமே இல்லை. இப்போது மெல்பேர்னில், டார்னெய்ட் பக்கம் இருப்பதாகக் கேள்வி. போன் அடித்தால் எடுப்பதில்லை. அங்கேயும் எத்தனையாவது வீடோ தெரியாது.

அவரால் ஓரிடத்தில் இருக்க முடியாது. கதிரையை இழுத்துப் போட்டு "இருங்கோ அண்ணை" என்றால், முதலில் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். குசினி யன்னலால் எட்டிப் பார்ப்பார். பின்வளவுக்குப் போய் உடுப்புக் காயப்போடும் கம்பியின் நிழலைப் பார்ப்பார். திசை பிடிபட்ட பிறகுதான் வந்து கதிரையைத் திருப்பிப் போட்டு உட்காருவார். தேத்தண்ணி ஆறமுதல் எழும்பிவிடுவார். "அப்ப நான் போட்டு வாறன்." வந்த காரியத்தைச் சொல்லவே மறந்துபோய்த் திரும்பி வந்த நாட்களும் உண்டு. எனக்குப் பொறுமை குறைவு. காலில் சுடுதண்ணி ஊற்றிக்கொண்டா வந்தனீங்கள் என்று நேராகவே கேட்டிருக்கிறேன். சிரிப்பார்.

இந்த நாட்டில் அவருக்கு ஒத்துவராத ஒரே விசயம் வெயில். "இஞ்ச சூரியன் பிழையான பக்கத்தால போகுது" என்பார். மத்தியானத்தில் சூரியன் இங்கே வடக்கு வானத்தில் நிற்கும், நிழல் தெற்கே விழும். வந்து இருபது வருடமான எங்களில் ஒருவரும் அதைக் கவனித்ததில்லை. ஒரு தைப்பொங்கலுக்குப் பக்கத்து வீட்டில் அடுப்பு மூட்டிப் பானை வைத்தாயிற்று. பாலும் பொங்கப் போகிறது. இவர் வந்து, இது கிழக்கு இல்லை, வேலி கோணலாகப் போகிறது, நீங்கள் வேலியைப் பார்த்து அடுப்பு வைத்திருக்கிறீர்கள் என்று ஆரம்பித்தார். "அண்ணை, சூரியன் கண்ணுக்கு முன்னால நிக்குது, அதைப் பார்த்துக் கும்பிட்டாச் சரிதானே" என்றார் வீட்டுக்காரர். பிறகு எல்லோரும் வானத்தைப் பார்த்து "பொங்கலோ பொங்கல்" என்று சொல்லும்போது, அவர் மட்டும் கொஞ்சம் தள்ளி, தன் கணக்குப்படியான கிழக்கைப் பார்த்துக் கும்பிட்டார்.

இதெல்லாம் சிரிக்கிற கதைகள். அவரைத் தேடி ஆட்கள் வந்தது இதற்காக இல்லை.

வைகாசி வந்தால் இங்கே மண்டபமொன்றில் நினைவுநாள் நடக்கும். சுவர் நீளத்துக்குப் படங்கள் தொங்கும். எல்லாம் யுத்தத்தின் கடைசி மாதங்களில் அந்தக் கரையில் எடுத்தவை. வெள்ளை மணல், மணல் தெரியாதபடி தறப்பாள் கூடாரங்கள், தலை முறிந்த பனைகள், பங்கர்க் குழிகள், எரிந்த ட்ராக்டர். எல்லாவற்றுக்கும் பின்னால் கடல், ஒன்றும் நடக்காதது போல நீலமாக. அந்த நீலத்தைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. ஒவ்வொரு வருடமும் போவேன், ஒவ்வொரு வருடமும் அந்த நீலத்தோடு மனதுக்குள் சண்டை பிடித்துக்கொண்டு திரும்புவேன்.

அந்தப் படங்களை யார் எடுத்தார்கள், எங்கே எடுத்தார்கள் என்று பெரும்பாலும் தெரியாது. போனிலிருந்து போனுக்கு வந்தவை. சர்வேயர் அண்ணை அதற்குத்தான் தேவைப்பட்டார். படத்தைக் கொடுத்தால் இடத்தைச் சொல்வார். மெல்பேர்ன் கிளென் வேவர்லியிலிருந்து ஒரு பெண் தன் தகப்பனைப் புதைத்த இடத்தின் படத்தை அனுப்பியிருந்தாள். மணலும் இரண்டு பனையும் ஒரு கிணற்றுக்கட்டின் மூலையும்தான் தெரிந்தன. ஆறு நாளில் எந்த ஒழுங்கை, ஒழுங்கையிலிருந்து எத்தனை அடி என்று வரைபடம் கீறிக் கொடுத்தார். அவள் ஊருக்குப் போய் அந்த இடத்தில் நின்று அவருக்குப் போன் எடுத்து அழுதாள். இவர் பண்டகசாலை வாசலில் நின்று கேட்டுவிட்டு, "கிணத்துக்கட்டு இருக்கோ? எந்தப் பக்கம் உடைஞ்சிருக்கு?" என்று விசாரித்தார்.

அவருடைய வேலை முறை ஒரு தினுசு. முதலில் படத்தைப் பெரிதாக அச்சடித்துக்கொள்வார். பண்டகசாலையில் பெட்டிகளுக்கு ஒட்டுகிற மஞ்சள் ஒட்டுத்தாளைச் சின்னக் கத்தரிக்கோலால் வெட்டி, படத்தில் இருக்கும் ஒவ்வொரு ஆளின் மேலும் ஒட்டுவார். பிள்ளைகளுக்குச் சின்னத் துண்டு, பெரியவர்களுக்குப் பெரிய துண்டு. ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். அதற்குப் பிறகுதான் பூதக்கண்ணாடியை எடுப்பார்.

"ஏன் அண்ணை மூடுறீங்கள்?"

"ஆட்களைப் பார்த்தா மனம் அங்க போயிடும், பிள்ளை. ஆள் பொய் சொல்லும். நிலம் சொல்லாது."

கேட்க நன்றாக இருந்தது. ஆனால் மேசை முழுக்க மஞ்சள் துண்டுகளோடு கிடந்த அந்தக் கரையைப் பார்த்தபோது, இவருக்கு இரக்கமே இல்லையோ என்றுகூட நினைத்தேன்.

அப்படி நினைத்தது நான் மட்டும் இல்லை. ஒரு வருடம் மண்டபத்தில் ஒரு படத்துக்கு முன்னால் நின்று "இதைக் கழட்டுங்கோ" என்றார். மரங்கள் விழுந்து, வீதியில் வள்ளம் கிடக்கிற படம். அதற்கு முன்னால் பூ வைத்துச் சனம் அழுதுகொண்டிருந்தது.

"இது சண்டை இல்லை. சுனாமி. குண்டு விழுந்தா மரம் நாலு பக்கமும் விழும். இதில எல்லாம் ஒரே பக்கமா, கடல்ல இருந்து உள்ளுக்கு விழுந்திருக்கு. பாருங்கோ."

ஏற்பாட்டாளர் ஒருவர் அவரை ஒரு பக்கமாக இழுத்தார். "அண்ணை, சனம் அழுதுபோட்டுப் போகுது. உங்களுக்கு என்ன?"

"அழட்டும். சரியான இடத்துக்கு அழட்டும்."

கடைசியில் கழற்றினார்கள். இரண்டு மூன்று பேர் அன்றோடு அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு அன்றுதான் அவர்மேல் பெரிய நம்பிக்கை வந்தது. ஊரே அழுதாலும் வாய்க்கு ருசியாக ஒன்று சொல்லமாட்டார் இந்த மனிதர். அந்த நம்பிக்கையில்தான் என் அண்ணாவை அவரிடம் கொண்டுபோனேன்.

என் அண்ணா தபால்கந்தோரில் வேலை செய்தவர். யுத்தம் முடிந்த நாட்களில் காணாமல் போனார். அவருடைய மனைவி, என் அண்ணி, ஐந்து வயதுப் பெண்பிள்ளையோடு முகாமுக்கு வந்து சேர்ந்தாள். அண்ணா எங்கே என்று கேட்டால் "சனத்துக்குள்ள பிரிஞ்சு போனம்" என்பாள். அதற்கு மேல் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வராது. பிறகு முல்லைத்தீவில் வீதியோரம் காணாமல் போனவர்களின் பெண்கள் பதில் கேட்டுக் கொட்டில் போட்டு உட்கார்ந்தபோது, அண்ணியும் அண்ணாவின் படத்தோடு போய் உட்கார்ந்தாள். வெயில், மழை என்று பார்க்காமல் வருடக்கணக்காக உட்கார்ந்தாள்.

ஒரு வைகாசியில், இங்கே மண்டபத்துச் சுவரில், அண்ணா இருந்தார்.

பெரிய பதாகை. வலது பக்க வானத்தில் கறுப்பு எழுத்தில் தலைப்பு. கீழே வட்டுவாகல் பாலம், படத்தின் நடுவில் நேராக உள்ளே போகிறது. பாலத்தில் புகைக்குள் சனம் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது, வருகிறார்களா போகிறார்களா என்று தெரியவில்லை. பாலத்தின் ஒரு முனையில், படமெடுத்தவனுக்குக் கிட்டடியில், ஒரு மனிதர் மணலில் குந்தியிருக்கிறார். மடியில் ஒரு உரப்பை. உடம்பு எங்கள் பக்கம், முகம் பாலத்தின் பக்கம் பாதி திரும்பி. காதும் கழுத்தும் போதும் எனக்கு. போனில் படம் பிடித்து அண்ணிக்கு அனுப்பினேன். "அவர்தான்" என்று ஒரே சொல்லில் பதில் வந்தது.

அவர்தான். ஆனால் எந்தக் கரையில்? அதுதான் கேள்வி. அந்தப் பாலத்துக்கு இந்தக் கரையில், சனம் அடைபட்டுக் கிடந்த பக்கத்தில், யுத்தம். அந்தக் கரையில் இராணுவம். அண்ணா இந்தக் கரையில் குந்தியிருந்தால், கடக்கமுதல் செல்லடியில் முடிந்திருப்பார். அவர் பெயர் எந்த முகாம் பதிவிலும் இல்லாததற்கு அதுவே காரணம். அந்தக் கரையில் குந்தியிருந்தால் கதை வேறு. உயிரோடு கடந்திருக்கிறார், உயிரோடு அவர்கள் கையில் இருந்திருக்கிறார். எங்கே கொண்டுபோனீர்கள் என்று கேட்கலாம். அண்ணியின் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு பாலத்தில் நின்றது.

சர்வேயர் அண்ணையிடம் பதாகையின் படத்தைக் கொடுத்தேன். தலைப்பு எழுத்தையும் அண்ணாவையும் மஞ்சள் தாளால் மூடினார். பத்து நாள் வைத்திருந்தார். பதினோராம் நாள் வீட்டுக்கு வந்து, சுற்றாமல், நேரே உட்கார்ந்தார். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

"பாலத்துக்கு ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் களப்பு. இதில இடது கைப் பக்கம் நுரை தெரியுது, அது கடல். வலது பக்கம் தண்ணி அசையாமல் கிடக்குது, அது களப்பு. கிழக்குக் கடலை இடது கையில வைச்சுக்கொண்டு பாலத்தைப் பார்க்கிறதெண்டா, பார்க்கிறது தெற்கு, நிக்கிறது வடக்கால இந்தக் கரை. அவர் கடக்கேல்லை, பிள்ளை."

"நிச்சயமோ அண்ணை?"

"நிலம் சொல்லுது. நான் சொல்லேல்லை."

அண்ணிக்கு நான்தான் போன் எடுத்துச் சொன்னேன். சும்மா சொல்லவில்லை, வற்புறுத்தினேன். கொட்டிலில் இருந்தது போதும், பிள்ளையைப் பார், அம்மாவும் கண் மூடமுதல் ஒரு முடிவு தெரியவேண்டும் என்கிறா என்று அடுக்கினேன். அண்ணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்தச் சர்வேயர் வடிவாப் பார்த்தவரோ மச்சாள்?" பத்து நாள் பார்த்தவர் என்றேன். அதன்பிறகு அவள் கொட்டிலுக்குப் போகவில்லை. மரணச் சான்றிதழ் எடுத்தாள். அந்தியேட்டிக் கிரியை செய்தார்கள். பொட்டை அழித்தாள். இங்கே பதாகையிலிருந்து அண்ணாவை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, மாலை போட்டு, சாமி அறைக்குப் பக்கத்தில் மாட்டினேன். அடுத்த வருடம் அம்மா அந்த நிம்மதியோடு போய்ச் சேர்ந்தா.

நான் வயோதிபர் இல்லமொன்றில் வேலை செய்கிறேன். காலையில் என் பொறுப்பில் ஆறு ஆண்கள். குளிப்பாட்டி, துடைத்து, சேர்ட் போட்டு, பொத்தான் பூட்டி, பையில் மடித்த கைலேஞ்சி வைத்து வெளியே அனுப்பவேண்டும். எத்தனை ஆயிரம் சேர்ட் பூட்டியிருப்பேனோ. முன்னால் நின்று பூட்டும்போது பை எப்போதும் என் வலது கைக்குத்தான் வரும். கண்ணை மூடிக்கொண்டும் கைலேஞ்சி வைப்பேன்.

மூன்று வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணாவின் படத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தூசு தட்டுகிற சாக்கில் அவரோடு கதைப்பது வழக்கம். கை தன்பாட்டில் அவருடைய சேர்ட் பையை நீவப் போனது. வலது கை. அங்கே பை இல்லை.

பை மற்றப் பக்கத்தில் இருந்தது. பேனாவும் அந்தப் பக்கத்தில் இருந்தது. என் அண்ணா இருபது வருடம் தபால்கந்தோரில் பேனா குத்திய பை, நெஞ்சின் வலது பக்கத்தில் இருந்தது. உலகத்தில் எந்தத் தையல்காரன் ஆம்பிளைச் சேர்ட்டுக்கு வலது பக்கம் பை வைப்பான்?

மாலையோடு படத்தைக் கழற்றிக் காரில் போட்டுக்கொண்டு, வீட்டுச் சட்டையோடேயே கிரவீனுக்குப் போனேன். இரண்டு இடத்தில் பிழையான ஒழுங்கைக்குள் திரும்பினேன்.

அவர் பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். முகம் இறுகியது.

"நான் பத்து நாள் பார்த்தனான், பிள்ளை. கடல் இடது பக்கம்."

"படமே இடம்வலம் மாறியிருந்தா?"

"அப்பிடி ஏன் மாறுது?"

"சேர்ட் பையைப் பாருங்கோ."

பார்க்கவில்லை. கையில் இருந்த ஈரத் துவாயைப் பிழிந்துகொண்டே நின்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. உள்ளே போனேன். அவருடைய மேசைக்குக் கீழே கட்டுக்கட்டாகப் படங்கள். அண்ணாவின் படத்தைத் தேடி எடுத்து, அவர்மேல் ஒட்டியிருந்த மஞ்சள் தாளை நகத்தால் உரித்தேன். கொண்டுவந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"பாருங்கோ அண்ணை! ஒருக்கா ஆளைப் பாருங்கோ!"

தலையைத் திருப்பினார். நான் விடவில்லை. பிறகு பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். படத்தை வாங்கிக்கொண்டு குளியலறைக்குப் போய்க் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தார். பின்னால் நின்ற எனக்கும் தெரிந்தது. கண்ணாடிக்குள் பை இடது நெஞ்சில் இருந்தது. நுரை வலது பக்கம் இருந்தது.

"கடந்திட்டார்" என்றார், எனக்குக் கேட்கவேண்டும் என்று இல்லாமல்.

மண்டபத்துக்குப் பதாகை வடிவமைக்கிறவருக்கு அங்கேயே நின்று போன் எடுத்தேன். அவருக்கு ஞாபகம் இருந்தது. "ஓம் அக்கா, அதைத் திருப்பினது நான்தான். மற்றப் பக்க வானம் முழுக்கப் புகை. தலைப்புப் போட இடமில்லை. லேஅவுட்டுக்காக ஃபிளிப் பண்ணினது. ஏன், வடிவில்லையோ?" வைத்துவிட்டேன். பதாகை வடிவாக இருக்கட்டும் என்றுதான் அந்த மனிதர் செய்தார்.

சர்வேயர் அண்ணை குளியலறை வாசலில், வெறும் நிலத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் திசை பார்க்காமல் உட்கார்ந்தது அது இரண்டாவது தடவை.

"என்ர மகளுக்குப் பத்தொன்பது வயது, பிள்ளை. தண்ணி எடுத்துக்கொண்டு வாறன் எண்டு பிளாஸ்டிக் கானோட போனவள். அவ்வளவுதான். ஏதோ ஒரு படத்தில இருந்திடுவாள் எண்டு எனக்குப் பயம். அதுதான் மூடுறனான். நிலம், நிலம் எண்டு உங்களுக்கெல்லாம் கதை விட்டனான். ஒருக்கா, ஒரே ஒருக்கா உங்கட அண்ணாவைப் பார்த்திருந்தா..."

பரவாயில்லை அண்ணை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பரவாயில்லாத காரியம் அது. ஒரு பெண் பொட்டை அழித்திருக்கிறாள். என் அம்மா பொய்யான நிம்மதியோடு செத்திருக்கிறா. அதே நேரம் அவரைக் கட்டிப்பிடித்து அழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணிக்கு நான் எப்பிடிச் சொல்லுறது?" என்றேன்.

"நீங்கள் சொல்லவேண்டாம். பிழை என்ர. நான் சொல்லுறன்."

நான் அவருடைய போனில் நம்பரை அடித்து, ஸ்பீக்கரில் போட்டு நிலத்தில் வைத்தேன். என் போனில் படத்தைத் திருப்பிச் சரியாக்கி அவர் கையில் கொடுத்திருந்தேன். அங்கே காலை நேரம். அண்ணி எடுத்தாள்.

"தங்கச்சி, நான் சிட்னியில இருந்து சர்வேயர் கதைக்கிறன். நான் உங்களுக்கு ஒரு பெரிய பிழை விட்டிட்டன்." ஒன்றையும் மறைக்கவில்லை. படம் திரும்பியிருந்ததை, ஆளை மூடிவைத்துப் பார்த்ததை, சேர்ட் பையை, எல்லாவற்றையும் சொன்னார். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கிற தகுதி தனக்கில்லை என்று நினைத்தார் போல.

யாரோ வளவு கூட்டுகிற சத்தம் போனுக்குள் கேட்டது. பிறகு அது நின்றது.

"அப்ப அவர் கடந்திட்டாரோ?"

"கடந்திட்டார். உயிரோட அந்தக் கரையில இருக்கிறார்."

"அங்க இருந்து என்ன செய்யிறார்?"

சர்வேயர் அண்ணை என்னைப் பார்த்தார். பிறகு படம் இருந்த போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய், விரலால் அண்ணாவைப் பெரிதாக்கினார். வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன.

"மணலில குந்தி இருக்கிறார். உரப்பையை மடியில வைச்சிருக்கிறார். எழும்பிப் போற ஆளின்ர இருப்பு இல்லை இது. முகம் பாலத்துப் பக்கம். பாலத்தால வாற சனத்தைப் பார்க்கிறார். ஆரையோ பார்த்துக்கொண்டு இருக்கிறார், தங்கச்சி."

அண்ணி பேசியபோது குரல் அழவில்லை. இத்தனை வருடம் அவள் வாயிலிருந்து வராத கதை அப்போதுதான் வந்தது.

"பாலத்தடியில சனம் நெரிபட்டது. 'நான் முன்னால போறன், நீ பிள்ளையோட பின்னால வா' எண்டுபோட்டுப் போனவர். எங்களை விட்டிட்டுப் போட்டார் எண்டுதான் நான் நினைச்சனான். நாங்கள் பாலத்தால வரேல்லை, அண்ணை. நான் பிள்ளையைத் தோளில வைச்சுக்கொண்டு களப்புத் தண்ணிக்குள்ள இறங்கிட்டன்."

சர்வேயர் அண்ணை விரலைப் பாலத்திலிருந்து பக்கத்துக் களப்புக்கு நகர்த்தினார்.

"படத்தைச் சரியான பக்கமா அடிச்சு அனுப்புங்கோ" என்றாள் அண்ணி. "கொட்டிலுக்குப் போகோணும்."

"ஓம் தங்கச்சி. இண்டைக்கே அடிக்கிறன். அவரை மட்டும் வெட்டிப் பெரிசாக்கி விடட்டோ?"

"வேண்டாம். பாலமும் தெரியோணும்."